பனி விழுமுன்பே நரி வெள்ளையாவது எப்படி?

#1 கயல்

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் நீதிபதி ஒருத்தி இருக்கிறாள். நேற்று இரவு அவளோடு துருவ நரி பற்றிய ஒரு வீடியோ பார்த்தேன். கோடையில் மண் நிறம், குளிர்காலத்தில் தும்பைப்பூ நிறம். "பனி விழுந்ததும் நரி வெள்ளையாகிவிடும், அப்புறம் யார் கண்ணிலும் படாது" என்று ஏதோ தெரிந்த மாதிரி சொல்லிவைத்தேன்.

உடனே கேள்வி வந்தது. "பனி விழுந்த பிறகு மாற ஆரம்பித்தால், மாறி முடிகிறவரைக்கும் எல்லார் கண்ணிலும் படுமே? அதனால் முன்னாடியே மாறணும். பனி வரப்போகுதுன்னு அதுக்கு யார் சொன்னா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தூங்கு, காலையில் சொல்கிறேன் என்று சமாளித்தேன். காலையும் வந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள். துருவத்தில் மற்ற விலங்குகள் பருவம் மாறும்போது என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அடுத்த கேள்வி அதுதான், எனக்குத் தெரியும்.

#2 சந்தேகப்பிராணி

குளிர ஆரம்பித்தால் தோலுக்கே தெரிந்துவிடாதா அக்கா? நமக்குப் புல்லரிக்கிற மாதிரி நரிக்கு வெள்ளையரிக்கும். விஷயம் முடிந்தது. மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

#3 பழைய வாத்தியார்

பிராணி தம்பி, அந்தப் பெண் உன்னைவிடக் கூர்மையாக யோசித்திருக்கிறாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு முடி பழுப்பிலிருந்து வெள்ளையாக மாறுவதில்லை. தோலைவிட்டு வெளியே வந்த முடி செத்த பொருள், அதன் நிறத்தை உடம்பு தொட முடியாது. பழைய முடி உதிர்கிறது, அதன் இடத்தில் நிறமி இல்லாத புது முடி முளைக்கிறது. ஆக, மாறுவது நிறமல்ல, முடியேதான். ஒரு கோட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு கோட்டைத் தைத்துப் போட்டுக்கொள்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். தையல்காரரிடம் முன்கூட்டியே துணி கொடுத்தால்தானே பண்டிகைக்குக் கிடைக்கும்?

எப்போது துணி கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்வது வெளிச்சம். கோடை முடிந்து பகல் சுருங்கச் சுருங்க, மூளைக்குள் இருக்கும் பினியல் என்ற சின்னச் சுரப்பி இரவில் மெலட்டோனினைச் சுரக்கும் நேரம் நீள்கிறது. அது நீண்டால் புரோலாக்டின் என்ற இன்னொரு சுரப்பு குறைகிறது. அது குறைந்தால் குளிர்கால முடி முளைக்கத் தொடங்குகிறது. வசந்தத்தில் எல்லாம் தலைகீழ்.

குளிருக்கு இதில் பெரிய பங்கு இல்லை என்று எப்படித் தெரியும்? கழுத்துப்பட்டை லெம்மிங் என்று ஒரு எலி இனம் உண்டு, ஆர்க்டிக்கில் வாழ்வது. எலி வகைகளிலேயே இயற்கைச் சூழலில் முழு வெள்ளையாக மாறும் இனம் அது. ஆய்வுக்கூடத்தில் கதகதப்பான அறையில் வைத்து, விளக்கு எரியும் நேரத்தை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். பனியும் இல்லை, குளிரும் இல்லை, ஆனாலும் வெள்ளையாகிவிட்டது. முன்னங்காலில் இரண்டு நகங்கள் பனி தோண்டும் மண்வெட்டி மாதிரி தடித்து வளரவும் செய்தன. தோண்டுவதற்கு அங்கே ஒரு பிடி பனிகூடக் கிடையாது!

பனி வருகிறது என்று நரிக்கு யாரும் சொல்லவில்லையம்மா. பொழுது சாய்கிற நேரம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்த நாட்காட்டிக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை மறக்க வேண்டாம், பின்னால் வேலைக்கு வரும்.

#4 கயல்

ஐயா, கோடி நன்றி. காலைச் சாப்பாட்டு வேளையில் அப்படியே ஒப்பித்தேன். நீதிபதி அரை நிமிடம் யோசித்துவிட்டு, "ஆனா அங்கே ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரின்னு நீதானே சொன்னே? பகல் எங்கே சுருங்குது?" என்கிறாள். என்னால் முடியவில்லை.

#5 பாய்மரம்

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் உதவலாம். கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை பார்க்கிறவன். ஒரு கோடை முழுக்க எங்கள் கப்பல் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய்வந்தது. நார்வேக்கு வடக்கே, 78 டிகிரி அட்சரேகையில் இருக்கிற லாங்இயர்பியென் என்ற ஊரில் நிற்போம்.

ஆறு மாதப் பகல், ஆறு மாத இரவு என்பது துருவப் புள்ளியில் நின்றால்தான். கொஞ்சம் தள்ளி வந்தாலே கணக்கு வேறு. லாங்இயர்பியெனில் அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். ஆனால் ஏப்ரல் 20 வாக்கில் 24 மணி நேரமும் பகல்! அதாவது, பூஜ்யத்திலிருந்து முழுப் பகலுக்கு இரண்டே மாதம். சராசரியாக ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் பகல் நீள்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதே வேகத்தில் சுருங்குகிறது. கடிகாரம் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் நிற்கலாம், ஆனால் ஓடுகிற அந்த இரண்டு பருவத்தில் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அங்கே ஊருக்குள்ளேயே துருவ மான்கள் நடமாடும். ரெயின்டீர் என்றால் படத்தில் வரும் கம்பீரமான உருவம் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தது குட்டைக் காலும் பீப்பாய் உடம்புமாக, ஏதோ சரியாக வரையத் தெரியாதவர் வரைந்த மான். ஜூலை மாதம், முடி கொட்டும் நேரம். உடம்பெல்லாம் பிய்ந்த மெத்தை மாதிரி திட்டுத்திட்டாகத் தொங்குகிறது. வழியில் கிடந்த ஒரு கொத்து முடியை எடுத்துப் பார்த்தேன். விரலால் மடக்கினால் காய்ந்த வைக்கோல் மாதிரி சட்டென்று ஒடிகிறது. உள்ளே காற்றறைகள். அந்தக் காற்றுதான் கம்பளி.

#6 பழைய வாத்தியார்

பாய்மரம் சொன்ன மானிடம் நாட்காட்டியைவிட வேடிக்கையான சங்கதிகள் இருக்கின்றன.

நமக்கு வெளிச்சமே இல்லாத குகைக்குள் வைத்தாலும் ஏறக்குறைய 24 மணிக்கு ஒரு முறை தூக்கம் வரும். உடம்புக்குள் ஓடும் நாள் கடிகாரம் அது. ஸ்வால்பார்ட் மான்களோ இருட்டுக்காலத்திலும் நடுக்கோடையிலும் அந்தக் கடிகாரத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. பசித்தால் மேய்கிறது, வயிறு நிறைந்தால் படுத்து அசைபோடுகிறது, மறுபடி எழுகிறது. இரவு பகல் என்ற பேச்சே இல்லாத இடத்தில் மணி பார்த்து என்ன ஆகப்போகிறது? கோடையில் கிடைக்கும் சில வாரத்தில் தின்றாக வேண்டும். தூங்கினால் நஷ்டம். அதற்கும் வழி வைத்திருக்கிறது. அசைபோடும்போது மானின் மூளை அலைகள் ஆழ்ந்த தூக்கத்தில் வருவதைப் போலவே இருப்பதாக 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. அசைபோட்ட மான் அப்புறம் தூங்குவதும் குறைவாம். சாப்பாடும் தூக்கமும் ஒரே மூச்சில்.

இன்னொன்று, கண். இருட்டில் பூனையின் கண் மின்னுமே, விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருப்பதால் மின்னுகிறது. துருவ மானின் அந்தப் படலம் கோடையில் பொன் நிறம், குளிர்காலத்தில் கருநீலம்! 2013-இல் இதை விளக்கினார்கள். மாதக்கணக்கில் இருட்டில் கண்மணி விரிந்தே கிடப்பதால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தத்தில் படலத்தின் நார்களுக்கு இடையே இருக்கும் திரவம் பிழிந்து வெளியேறி, நார்கள் நெருங்குகின்றன. நெருங்கிய நார்கள் நீல ஒளியைத் திருப்பும். அது விழித்திரையில் சிதறிப் பரவுகிறது. காட்சி கொஞ்சம் மங்கல்தான், ஆனால் மங்கிய நீல வெளிச்சத்தில் ஓநாயின் உருவம் தெரிந்தால் போதாதா?

பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். பருவத்துக்குப் பருவம் கண்ணின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு பாலூட்டியைப் பற்றி அப்போது யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பேன்.

#7 சந்தேகப்பிராணி

மான் கதை அபாரம். சரி, பெரிய ஆளை விட்டுவிட்டோமே, பனிக்கரடி. அதற்கு இந்தத் தொல்லையே கிடையாது. குளிர்காலம் முழுக்கக் குகைக்குள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். அப்புறம் அதன் முடி ஒவ்வொன்றும் கண்ணாடி இழை மாதிரி வெயிலைத் தோலுக்குக் கடத்துமாம். இணையத்தில் ஆயிரம் இடத்தில் படித்திருக்கிறேன், ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ;-)

#8 முகில்வண்ணன்

> சந்தேகப்பிராணி எழுதியது: குளிர்காலம் முழுக்கக் குகைக்குள் தூங்கிவிடும்

இரண்டுமே தவறு, பிராணி.

கண்ணாடி இழைக் கதையை 1998-இலேயே ஓர் இயற்பியல் அறிஞர் சோதித்து முடித்துவிட்டார். முடிக்குள் விட்ட ஒளி கொஞ்ச தூரத்திலேயே காணாமல் போகிறது, தோல்வரை போவதில்லை. முடி நிறமற்றது, உள்ளே வெற்றிடம், தோல் கறுப்பு என்பதெல்லாம் சரி. வெயில் குழாய் என்பது மட்டும் கட்டுக்கதை.

தூக்கத்துக்கு வருவோம். குளிர்காலம்தான் பனிக்கரடிக்கு வேட்டைக்காலம். கடல் உறைந்தால்தான் அது பனிப்பாளத்தின் மேல் நடந்து போய், மூச்சுவிட மேலே வரும் கடல்நாயை (சீல்) பிடிக்க முடியும். ஆணும், கர்ப்பமில்லாத பெண்ணும் குளிர்காலம் நெடுகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கர்ப்பிணிகள் மட்டுமே பனிக்குழிக்குள் போய்ப் படுக்கும்.

அதற்குக் கெட்ட காலம் கோடை. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் கடல்பனி முழுக்க உருகிவிடும். கரடிகள் கரையேறி, பனி திரும்பும்வரை மாதக்கணக்கில் பட்டினி. புல், பழம், பறவை முட்டை என்று எதையாவது மென்றாலும் கட்டுப்படியாகாது. அங்கே 20 கரடிகளின் கழுத்தில் கேமரா மாட்டிக் கவனித்த ஆய்வு 2024-இல் வந்தது. சில படுத்தே கிடந்தன, சில ஓயாமல் இரை தேடின, சில கடலில் நீந்திப் பார்த்தன. ஒன்றைத் தவிர மற்ற 19-க்கும் எடை குறைந்தது, நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம். ஓடியாடித் தேடினாலும் சும்மா படுத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கர்ப்பிணியின் நிலை இன்னும் கடுமை. கரையேறிய கோடையிலிருந்து குட்டிகளோடு வெளியே வரும் வசந்தம் வரை, சுமார் எட்டு மாதம் ஒரு கவளம் உள்ளே போகாது. அந்தப் பட்டினிக்கு நடுவில்தான் பிரசவம். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் குட்டிகளை, தன் உடம்புக் கொழுப்பைப் பாலாக்கியே பத்துக் கிலோவுக்கு மேல் வளர்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறது.

இணைசேர்வது வசந்தத்தில், ஆனால் கரு கருப்பையில் ஒட்டுவது இலையுதிர் காலத்தில். நடுவில் சில மாதம் கரு வளராமல் காத்திருக்கும். கோடைக்குள் தாய் போதிய கொழுப்பு சேர்க்காவிட்டால் கரு நிலைப்பதில்லை.

#9 கயல்

எட்டு மாதம் பட்டினி கிடந்து பாலும் கொடுக்கிறதா! இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்போது உண்மையிலேயே குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற விலங்கு என்று ஒன்றுகூட இல்லையா?

#10 முகில்வண்ணன்

இருக்கிறது. என் சொந்த விருப்பமும் அதுதான், ஆர்க்டிக் தரை அணில். பனிக்கரடிக்கு விசிறிகள் அதிகம், இதற்கு நான் ஒருவனாவது இருக்கிறேனே.

அலாஸ்காவில் ஏழெட்டு மாதம் மண்ணுக்குள் வளையில் சுருண்டு கிடக்கும். அடியில் நிரந்தரமாக உறைந்த நிலம், அதனால் ஆழமாகவும் தோண்ட முடியாது. வளையைச் சுற்றி மண்ணே பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போய்விடும். 1989-இல் அங்கே ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆய்வாளர் பிரையன் பார்ன்ஸ், தூங்கும் அணில்களின் உடம்புக்குள் சின்ன வெப்பமானியோடு ரேடியோ வைத்து அளந்தார். கிடைத்த எண் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ். அணிலின் உடம்பு வெப்பமேதான், சுற்றுப்புறத்தினுடையது அல்ல. நமக்கு 37-இலிருந்து இரண்டு டிகிரி இறங்கினாலே நடுக்கம் வந்துவிடும்.

#11 சந்தேகப்பிராணி

ஒரு நிமிடம். தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, சரி, அரை டிகிரி கூடுதலாகத் தாங்கும். மைனஸ் 2.9-இல் அது அணில் இல்லை, ஐஸ் குச்சி.

#12 முகில்வண்ணன்

நியாயமான சந்தேகம். இந்த முறை கேலி செய்ய மாட்டேன்.

தண்ணீர் பனிக்கட்டியாக ஒரு விதை வேண்டும். ஒரு தூசி, ஒரு சின்னப் படிகம் என்று எதையாவது பிடித்துக்கொண்டுதான் முதல் படிகம் உருவாகும். அந்த விதை கிடைக்காவிட்டால் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே நிற்கும். அணிலின் ரத்தம் நிற்பது அப்படித்தான். உறைதடுப்பு மருந்து என்று அதில் எதுவும் அகப்படவில்லை. கம்பி மேல் நடக்கிற மாதிரி நிலை. நடந்துகொண்டே ஏழு மாதம்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அது விழிக்கும். நடுங்கி நடுங்கி, வெப்பம் உண்டாக்குவதற்கென்றே இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்து, உடம்பைப் பழையபடி 36, 37 டிகிரிக்குச் சூடேற்றும். ஒரு நாள் போல அப்படி இருந்துவிட்டு மறுபடி ஆறிப் போகும். சேமித்த கொழுப்பில் பெரும்பகுதி செலவாவது இந்தச் சூடேற்றத்துக்குத்தான். சில்லிட்டுக் கிடக்கும்போது மூளை நரம்புகளுக்கு இடையேயான இணைப்புகள் சுருங்கிப்போகின்றன, சூடேறினால் திரும்ப வளர்கின்றன. அந்தப் பராமரிப்புக்காகவே விழிக்கிறது என்பது ஒரு கருத்து. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மூளையைப் பூட்டிவிட்டுத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிராக, உறைவதைப் பற்றிக் கவலையே படாத ஒரு கம்பளிப்புழு உண்டு. கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில் இருப்பது. குளிர்காலத்தில் உடம்பு கட்டியாக உறைந்துவிடும், மைனஸ் 60-ஐயும் தாங்கும். உறைவதற்கு முன்பு, உறையும்போது உடம்பு சேதமாகாமல் காக்கும் கிளிசரால் என்ற பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. ஜூன் மாதத்து வெயிலில் சில வாரம் மேய்ந்துவிட்டு, கோடை இருக்கும்போதே கூடு பின்னி ஒடுங்கிவிடும். ஒட்டுண்ணிக் குளவியும் ஈயும் பெருகும் நேரம் அது என்பதால். இப்படி வருடத்துக்குச் சில வாரம் மட்டும் தின்று, அந்துப்பூச்சியாவதற்கு ஏழு வருடம் பிடிக்கிறது. பூச்சியானதும் சில நாளில் இணைசேர்ந்து செத்துப்போகும்.

மீனையும் சொல்லிவிடுகிறேன். அண்டார்டிகாவில் கடல்நீர் மைனஸ் 1.9 வரை திரவமாக இருக்கும், சாதாரண மீனின் ரத்தமோ மைனஸ் 1-க்கு முன்பே உறைந்துவிடும். அங்கேயுள்ள மீன்களின் ரத்தத்தில் ஒரு சர்க்கரைப் புரதம் இருக்கிறது. உள்ளே நுழைந்த குட்டிப் பனிப்படிகத்தை ஒட்டிப் பிடித்து வளரவிடாமல் செய்யும். 1960-களில் ஆர்தர் டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது. ஆனால் படிகத்தைப் பெருகவிடாத அதே புரதம் அதை உருகவும் விடாது! கோடையில் தண்ணீர் சற்றுச் சூடானாலும் மீனின் உடம்புக்குள் பனித்துகள்கள் உருகாமல் கிடப்பதை 2014-இல் காட்டினார்கள். எந்த வசதிக்கும் ஒரு வாடகை உண்டு போல.

#13 மட்டுறுத்துநர்

நல்ல இழை. தனிமடலில் ஒருவர் "அண்டார்டிகாவில் பனிக்கரடி பென்குயினைத் தின்னுமா" என்று கேட்டிருக்கிறார். தின்னாது, கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. கேள்வியை இங்கேயே கேட்கலாம், யாரும் கடிக்க மாட்டார்கள்.

#14 நிலாமுற்றம்

பென்குயின் பேச்சு வந்ததால் நானும் நுழைகிறேன், இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பெரும்பாலான விலங்குகள் குளிர்காலத்தில் பதுங்குகின்றன, ஓடுகின்றன, தூங்குகின்றன. ஆர்க்டிக் ஆலா கிரீன்லாந்தில் குஞ்சு பொரித்துவிட்டு அண்டார்டிக் கடலுக்கே பறந்துவிடும். வருடத்துக்கு 70,000 கிலோமீட்டர் சுற்றி இரண்டு கோடைகளை அனுபவிக்கும் பறவை. பேரரசப் பென்குயின் மட்டும் எல்லாரும் ஓடிய பிறகு, அண்டார்டிகாவின் இருட்டுக் குளிர்காலத்தில் முட்டை இடுகிறது. பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரியும்.

கடைசியிலிருந்து கணக்குப் போட்டால் புரியும். குஞ்சு கடலில் இறங்க வேண்டியது டிசம்பர், ஜனவரி. தெற்கில் அதுதான் நடுக்கோடை, இரை கொழிக்கும் நேரம். அவ்வளவு பெரிய பறவை வளர்ந்து நீர்புகாத இறகு முளைக்க ஐந்து மாதம் வேண்டும். அப்படியானால் ஜூலை, ஆகஸ்டில் பொரிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே, ஜூனில் முட்டை. சரியாக இருட்டுக்குள்.

தாய் முட்டையைத் தந்தையின் பாதத்துக்கு மாற்றிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். தந்தை சுமார் 65 நாள் முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கும். இணைதேடி வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்ட 115 நாள் பட்டினி. ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து நிற்பார்கள். கூட்டத்துக்குள் வெப்பம் சில நேரம் 30 டிகிரியையும் தாண்டும்! ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாராவது ஒருவர் சில சென்டிமீட்டர் நகர, பக்கத்தில் நிற்பவரும் நகர, அந்த அசைவு கூட்டம் முழுக்க அலையாகப் போகும். நெரிசலில் முட்டையை உருட்டிவிடாமல், அந்தக் குட்டியடி நடையில்.

இவ்வளவும் உறைந்த கடலின் மேல். குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை அந்தப் பனி நின்றாக வேண்டும். 2022-இல் அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் அது முன்கூட்டியே உடைந்தது. அங்கே இருந்த ஐந்து பென்குயின் குடியிருப்புகளில் நான்கில் அந்த வருடம் ஒரு குஞ்சும் தேறியிருக்க வாய்ப்பில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

#15 சந்தேகப்பிராணி

நான் ஒரு விஷயம் கேட்கிறேன், கல்லெடுக்க வேண்டாம். பென்குயினுக்குப் பனி வேண்டும், கரடிக்கும் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மான், அணில், லெம்மிங் இவற்றுக்கெல்லாம் குளிர் குறைந்தால் கொண்டாட்டம்தானே? கோடை நீண்டால் புல் அதிகம், பட்டினி குறைவு. எல்லாவற்றுக்கும் ஒப்பாரி வைக்க வேண்டுமா?

#16 பாய்மரம்

கல்லெல்லாம் இல்லை. பாதி சரியாகவே சொல்கிறாய். ஸ்வால்பார்ட் மான்களை ஒரு காலத்தில் வேட்டையாடியே ஒழித்துவிடப் பார்த்தார்கள். 1925-இல் பாதுகாப்பு வந்தது. இப்போது சுமார் 22,000 இருப்பதாகக் கணக்கு. நீண்ட கோடையும் அதற்கு உதவியாகத்தான் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் முதுகில் பத்து சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொழுப்பு சேர்க்கும் ஆள் அது.

ஆனால் அங்கே நான் பேசிப் பழகிய ஒரு வண்டியோட்டி, பல குளிர்காலம் பார்த்தவர், சொன்னார்: "மைனஸ் 30-க்கு இங்கே யாரும் பயப்படுவதில்லை. ஜனவரியில் பிளஸ் 2 என்றால்தான் வயிற்றைக் கலக்கும்." காரணம் மழை. நடுக்குளிர்காலத்தில் வெப்பம் ஏறி மழை பெய்கிறது. பனியின் மேல் விழுந்த மழை கீழே இறங்கி, மறுநாள் குளிரில் கெட்டியாக உறைகிறது. புல்லும் பாசியும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டியது போல அடியில். மான் பஞ்சுப் பனியைக் குளம்பால் தோண்டும். பனிக்கட்டியை எப்படித் தோண்டும்? 2019 கோடையில் கணக்கெடுக்கப் போனவர்கள் 200-க்கு மேல் செத்த மான்களைப் பார்த்தார்கள், பட்டினியால் செத்தவை. அதற்கு முன்பு 2013 நவம்பரில் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் இதேபோல மழை பெய்து உறைந்ததில் நேனெத்ஸ் என்ற பழங்குடி மேய்ப்பர்களின் மான்கள் 61,000 செத்தன.

லெம்மிங்குக்கும் இதே கதிதான். மேலே மைனஸ் 30 அடித்தாலும் தடித்த பனிப்போர்வைக்கு அடியில் தரையோரம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அங்கே சுரங்கம் போட்டு, புல் கொறித்து, குளிர்காலத்திலேயே குட்டியும் போடும். மழை இறங்கினால் அந்தச் சுரங்கம் பனிக்கட்டியாகிவிடும்.

அதனால் குளிரை எதிரியாகவும் கதகதப்பை நண்பனாகவும் நாம் எழுதுவது அந்த ஊர்க் கணக்குக்குப் பொருந்தாது பிராணி.

#17 பழைய வாத்தியார்

#3-இல் மறக்க வேண்டாம் என்று சொன்னேனே, இதற்காகத்தான். பூமி எவ்வளவு சூடானாலும் ஏப்ரல் 20-ஆம் தேதிப் பகலின் நீளம் மாறப்போவதில்லை. முடி முளைப்பது அந்தக் கணக்கில். பனியும் புல்லும் பூச்சியும் வருவது வெப்பத்தின் கணக்கில். இவ்வளவு காலமும் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. இப்போது ஒன்று நகர்கிறது, மற்றது நகரவில்லை.

முகில் தம்பியின் அணிலிலேயே இது நடக்கிறது. வழக்கமாக ஆண் அணில் முதலில் எழும், அதன் விதைப்பைகள் வருடந்தோறும் சுருங்கிப்போய்ப் புதிதாக வளர வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டுமே. பெண் பிறகு எழும். 25 வருடத் தரவை வைத்து 2023-இல் வந்த ஆய்வின்படி, மண் தாமதமாக உறைவதால் பெண்கள் பழையதைவிடப் பத்து நாள்போல முன்னதாக எழுகின்றன. ஆண்கள் பழைய தேதியிலேயே நிற்கிறார்கள். இந்த இடைவெளி கூடிக்கொண்டே போனால், மாப்பிள்ளை தயாராகுமுன்பே பெண் மணமேடைக்கு வந்துவிடும்!

நாட் என்ற உள்ளான் வகை ஒன்று சைபீரியாவின் டைமிர் பகுதியில் குஞ்சு பொரிக்கும். இப்போது பனி முன்னதாக உருகுவதால் பூச்சிகளும் முன்னதாகவே பெருகி அடங்கிவிடுகின்றன. குஞ்சு வயிறார உண்ண வேண்டிய நேரத்தில் பூச்சி குறைவு. அதனால் உடம்பு சிறுத்து, அலகும் குட்டையாகிறது. அடி விழுவதோ அங்கே அல்ல, ஆப்பிரிக்காவில், மௌரித்தானியாக் கரையில். குளிர்காலத்தைக் கழிக்க அங்கே போகும் பறவை சேற்றுக்குள் புதைந்திருக்கும் சிப்பியை எடுத்துத் தின்ன வேண்டும். குட்டை அலகுக்கு அந்த ஆழம் எட்டுவதில்லை. ஆர்க்டிக்கில் பிறந்தபோது பட்ட குறை வெயில் கொளுத்தும் கரையில் வந்து கொல்கிறது. 2016-இல் வந்த ஆய்வு இது.

ரொம்பக் கனமாகப் போய்விட்டது. குழந்தைக்குச் சொல்ல ஒன்று தருகிறேன் கயலம்மா. பாறை டார்மிகன் என்று கௌதாரி சாயலில் ஒரு பறவை. குளிர்காலத்தில் தூய வெள்ளை, காலில்கூட இறகு. வசந்தத்தில் பனி உருகியதும் பெட்டை மளமளவென்று இறகு மாற்றிப் பழுப்பாகிவிடும். சேவல் மாறாது. கரும்பாறைகளுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று நின்று பெட்டையிடம் அழகு காட்டும், வல்லூறு பார்த்தாலும் பரவாயில்லை என்று. பெட்டை முட்டையிடத் தொடங்கிவிட்டால் அழகுக்கு இனி வேலையில்லை, உயிர்தான் முக்கியம். ஆனால் புது இறகு முளைக்க நாளாகுமே? நேராகப் போய் மண்ணிலும் சேற்றிலும் புரண்டு தன்னைத்தானே அழுக்காக்கிக்கொள்ளும். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இதைக் கவனித்து 2001-இல் எழுதினார்கள். நாட்காட்டி ஏமாற்றினால் சேறு.

#18 சந்தேகப்பிராணி

வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வெள்ளையரிப்பு உட்பட எல்லாவற்றையும். சேற்றில் புரளும் மாப்பிள்ளை மட்டும் எனக்கு.

#19 கயல்

ஐயா, பாய்மரம் அண்ணா, முகில், நிலா, பிராணி, எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கரடிக்காக நீதிபதி கொஞ்சம் அழுதாள். அணிலின் மைனஸ் 2.9-ஐ வகுப்பில் சொல்ல, யாரும் நம்பவில்லையாம், அதில் ரொம்பக் கோபம்.

இன்று சாயங்காலம் டார்மிகன் சேவலை வரைந்தாள். பறவை நன்றாகவே வந்திருந்தது. அப்புறம் கலர் பென்சிலை மூடிவைத்துவிட்டு, வெளியே போய்த் தொட்டியிலிருந்து ஈரமண்ணை எடுத்து வந்து படத்தின் மேல் தேய்த்துவிட்டாள். "அது அப்படித்தானே செய்யுது?" என்கிறாள். நோட்டு இப்போது ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கிறது. கணக்கு வீட்டுப்பாடமும் அதே நோட்டில்தான்.

#20 பழைய வாத்தியார்

அந்தக் கணக்கு டீச்சருக்கு நான் வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் அம்மா.